இருளில் பெருக்குவதா, இரைச்சலைக் குறைப்பதா? கோலார் தங்கவயலும் ஐ.எஸ்.ஓ எண்ணும்

1960களின் தொடக்கத்தில் கோலார் தங்கவயலின் சுரங்கத்துள், தரைமட்டத்திலிருந்து 2,700 மீட்டருக்கும் கீழே, டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் இயற்பியலாளர்கள் ஒரு துகள் உணர்கருவியை இயக்கினர். தரையின் மேல், விரித்த உள்ளங்கை ஒன்றை நொடிக்கு ஏறத்தாழ ஒரு மியூவான் கடந்துசெல்கிறது. அந்த ஆழத்திலோ, சுமார் இரண்டு மாதங்கள் காத்திருந்தும் ஒன்றுகூடப் பதிவாகவில்லை. அந்த வெறுமைதான் அடுத்த சோதனைக்கு வழிகாட்டியது: பின்னணி இவ்வளவு அடங்கிய இடத்தில் மிக அரிய குறிப்பையும் கேட்கலாம்.

ஒளிப்படக்கலையில் ஐ.எஸ்.ஓ எண்ணைத் தேர்வதும் இதே சிக்கலின் மற்றொரு வடிவம்.

இந்த எண்ணின் வரலாறு தகடுகளின் காலத்திலிருந்தே தொடங்குகிறது. 1890இல் இங்கிலாந்தில் ஹர்ட்டர், டிரிஃபீல்டு இருவரும், தகட்டில் விழும் ஒளிக்கும் அதில் உண்டாகும் கருமைக்கும் உள்ள தொடர்பை முறையாக அளந்து வெளியிட்டனர். 1934இல் ஜெர்மனியின் டின் தரமும், 1943இல் அமெரிக்காவின் ஏ.எஸ்.ஏ தரமும் வந்தன. 1974இல் அவ்விரண்டையும் இணைத்து ஐ.எஸ்.ஓ தரம் உருவாயிற்று. ஐ.எஸ்.ஓ என்பது முதலெழுத்துச் சுருக்கம் அன்று, ‘சமம்’ எனப் பொருள்படும் ‘ஐசோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து பெற்றது என்று அந்த அமைப்பே விளக்குகிறது. பெயர் பொருத்தமானதே. எவர் செய்த படச்சுருளாயினும் ஒரே எண்ணுக்கு ஒரே அளவு ஒளி வேண்டும் என்பதே அதன் உறுதிமொழி. எண் இருமடங்கானால் தேவைப்படும் ஒளி பாதியாகும்.

இந்த எண் சிறியதாக இருந்த காலத்தின் சுவடு தங்கவயலின் வரலாற்றிலும் படிந்துள்ளது. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் இங்கே பணியைத் தொடங்கியது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. வட ஆர்க்காடு முதலான தமிழ்ப் பகுதிகளிலிருந்து குடிபெயர்ந்தோர் நிலத்தடியில் உழைத்தனர். அக்காலத் தகடுகளுக்குச் சுரங்க விளக்கின் ஒளி போதாது. மக்னீசியப் பொடியை எரிக்க வேண்டும். இல்லையேல் படம் முடியும்வரை மனிதர்கள் அசையாது நிற்க வேண்டும். ஆகவே அக்கால நிலத்தடிப் படம் பெரும்பாலும் நிறுத்திவைத்து எடுத்த படம். உழைப்பின் அசைவு அதில் பதிவாகாது. அத்தகைய படத்தைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளர், அங்கே தெரியும் ஒழுங்கில் நிர்வாகத்தின் பங்கு எவ்வளவு, தகட்டின் மந்தத்தின் பங்கு எவ்வளவு என்று கேட்டாக வேண்டும்.

1965இல் டாட்டா நிறுவனம், ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், டர்ஹாம் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் கூட்டுக்குழு, சுமார் 2,300 மீட்டர் ஆழத்தில் வளிமண்டல நியூட்ரினோவின் தடத்தைக் கண்டது. அதே ஆண்டில் தென்னாப்பிரிக்காவின் ஒரு தங்கச்சுரங்கத்திலும் மற்றொரு குழு அதைக் கண்டது. கோலாரில் துகள் கடந்த வழியிலிருந்த நியான் குழாய்கள் உயர் மின்னழுத்தத் துடிப்பில் ஒளிர்ந்தன. கேமராக்கள் அந்த ஒளிவரிசையைப் படமாக்கின. குறிப்பு மிக அரிதாக இருந்தபோது அந்த அறிஞர்கள் கருவியின் பெருக்கத்தை மட்டும் நம்பவில்லை. பாறையைக் கவசமாக்கி, முதலில் இரைச்சலைக் குறைத்தனர்.

டிஜிட்டல் கேமரா இந்தப் பாடத்தை மறைத்துவிடுகிறது. 1998இல் ஐ.எஸ்.ஓ 12232 என்னும் தரம் பழைய எண்ணை டிஜிட்டல் கேமராவுக்கும் நீட்டித்தது. படச்சுருளில் எண் உயர்ந்தால் படலமே வேறு. டிஜிட்டலில் உணரி மாறுவதில்லை. அது ஏற்கெனவே திரட்டிய ஒளியின் குறிப்பு பெருக்கப்படுகிறது, அவ்வளவே. ஒரு படப்புள்ளியில் 10,000 ஒளித்துகள் விழுந்தால் இயல்பான ஏற்ற இறக்கம் 100. அதாவது நூற்றில் ஒன்று. நூறே விழுந்தால் ஏற்ற இறக்கம் 10. அதாவது பத்தில் ஒன்று. இரைச்சலின் வேர் பெரிய எண்ணில் இல்லை, குறைந்த ஒளியில் உள்ளது. எனவே துளையை விரிப்பது, முக்காலியில் நிறுத்தி நேரம் கூட்டுவது, விளக்கை அருகே கொணர்வது ஆகியவை முதலில்; எண்ணை உயர்த்துவது அவற்றுக்குப் பின்.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று அவ்வூரை ஆவணப்படுத்துவோர் இருவகை ஒளியை எதிர்கொள்கின்றனர். உச்சிவெயிலில் வெளிறி நிற்கும் சயனைடு மேடுகளுக்கு ஐ.எஸ்.ஓ 100 போதும். அங்கே உயர்ந்த எண்ணை விட்டுவைத்தால் வெளிச்சப் பகுதிகள் விவரமின்றி வெளுத்துவிடும். தொழிலாளர் குடியிருப்பின் சிறிய அறையில், பேசிக்கொண்டிருக்கும் முதியவரின் முகத்துக்கும் கைக்கும் அந்த எண் போதாது. முக்காலி சுவரை அசையாமல் காட்டும், மனிதரைக் காட்டாது. அங்கே 3200, 6400 என உயர்த்துவதே நேர்மை. இரைச்சலைப் பின்னர் ஓரளவு தணிக்கலாம். அசைவால் கலங்கிய முகத்தை மீட்க வழியில்லை.

அசையாது நிற்கச் சொல்லி எடுத்த படங்கள் அவ்வூருக்கு ஏற்கெனவே உண்டு. இனி எடுப்பவை சற்றுப் புள்ளி படிந்திருந்தாலும், மனிதர்கள் பேசுவதையும் அசைவதையும் காட்டட்டும். படக்கோப்பில் தானே பதியும் ஐ.எஸ்.ஓ எண்ணையும் அழிக்காது காக்கவேண்டும். எவ்வளவு இருளில் அந்த முகம் காணப்பட்டது என்பதற்கு அதுவும் ஒரு சான்று.