செப்பேடும் நடுகல்லும்: கொச்சி யூதர் வரலாற்றைக் காட்டும் முறை

தலைநகரின் ஹுமாயூன் சாலையில் 1956-ஆம் ஆண்டு எழுந்த யூதா ஹயாம் தொழுகைக் கூடத்தைத் தில்லித் தமிழருட் பலர் கண்டிருப்பர். யூதர் என்றவுடன் மேலை நாடுகளே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயின், அவர்தம் வரலாற்றின் சிறந்த சான்றொன்று நம் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளமை எண்ணத்தக்கது.

கி.பி. 1000-ஆம் ஆண்டளவில் சேர மன்னன் பாசுகர இரவி, முயிரிக்கோடு எனப்பட்ட கொடுங்கல்லூரில், யோசேப்பு இரப்பான் என்னும் தலைவனுக்கு அஞ்சுவண்ணத்தையும் 72 உரிமைகளையும் செப்பேட்டில் எழுதி அளித்தான். பகல் விளக்கு, குடை, காளம், தோரணம் ஆகியன அவற்றுட் சில. அவ்வேடுகளைக் காத்து வந்தது மட்டாஞ்சேரிப் பரதேசி யூதர் கூடம். 1568-இல் கட்டப்பெற்ற அக்கூடத்தின் 400-ஆம் ஆண்டு விழாவில், 1968-இல், பிரதமர் இந்திரா காந்தி கலந்துகொண்டார்.

1948-இல் இசுரேல் நாடு பிறந்தபின், 1950-களில் கொச்சி யூதருட் பெரும்பாலோர் அங்குக் குடிபெயர்ந்தனர். தொழுவோரின்றிக் கூடங்கள் பூட்டப்பட்டன. அவ்வரலாற்றை எடுத்துரைக்கும் கடமை காட்சியகத்தாரைச் சார்ந்தது. எருசலேமிலுள்ள இசுரேல் அருங்காட்சியகம், மட்டாஞ்சேரி கடவும்பாகக் கூடத்தின் உட்புற மரவேலைப்பாட்டை 1990-களில் பெற்றுச் சென்று தன்னகத்தே நிறுவியது. பறவூர்க் கூடத்தின் திருமறைப் பேழையும் அங்குச் சென்றது. இங்கோ, சேந்தமங்கலம் கூடத்தைக் கேரளத் தொல்பொருள் துறை செப்பனிட, ஷால்வா வைல் முதலிய ஆய்வாளர் துணையால் 2006-இல் அங்கொரு காட்சி அமைந்தது. பின்னர், முசிறி மரபுரிமைத் திட்டத்தின்கீழ்ப் பறவூர்க் கூடமும் காட்சியகமாயிற்று. சென்றுவிட்ட பேழைக்கு ஈடாக அதன் படியொன்று வைக்கப்பட்டது.

ஆக, பொருள் அங்கே. அது பிறந்த இடம் இங்கே. அங்கே காண்போர் தச்சுத்திறனை வியக்கலாம். ஆயின், கோயிலும் பள்ளிவாசலும் மாதாகோயிலும் அண்டை அயலாய் நிற்கும் சேந்தமங்கலத்தின் சூழலை உணர்தல் இயலாது. இங்கே காண்போர் சூழலை உணரலாம். ஆயின், அங்கு வழிபட்டவரின் குரலைக் கேட்டல் அரிது. அவர்தம் பெண்டிர் மலையாளத்திற் பாடிய பாடல்களை நினைவில் வைத்திருந்தோர் கடல் கடந்து சென்றுவிட்டனர். எனவே, ஒருவர் குறையை மற்றவர் நிறைவித்தலே முறையாகும்.

பெருமையை மட்டும் காட்டுதலும் வரலாறாகாது. பரதேசி யூதர், தம் கூடத்தில் ஒரு சாராரைச் சமமாக அமரவிடாது ஒதுக்கினர். அதனை எதிர்த்து ஏ.பி. சேலம் அறவழியிற் போராடினார். எண்ணிக்கையில் மிக்கிருந்தோர் மலபார் யூதரே. ஒரு கூடத்தின் அழகை மட்டும் காட்டி, இவற்றை மறைக்கும் காட்சியகம் பாதி உண்மையே கூறுவதாகும்.

சேந்தமங்கலம் கூடத்தின் முன் ஒரு நடுகல் உள்ளது, 1269-ஆம் ஆண்டினது. இசுரேலின் மகள் சாரா என்பாளின் பெயர் அதில் எபிரேய எழுத்தில் உள்ளது. அதனைப் படிக்க நமக்கு அவர் துணை வேண்டும். செப்பேட்டின் படிகளை 2017-இல் நம் பிரதமர் இசுரேல் பிரதமருக்கு அளித்தார். அவற்றிலுள்ள வட்டெழுத்தைப் படிக்க அவருக்கு நம் துணை வேண்டும். ஆகவே, நம் எழுத்தை நம் இளைஞர்க்குக் கற்பித்தல், நமக்கு மட்டுமன்றிப் பிறர் வரலாற்றுக்கும் நாம் ஆற்றும் தொண்டாகும்.