நதி யாருக்குச் சொந்தம்? – ஜோர்ஜ் நொறிஸின் நாற்பதாண்டுகள்

1930களின் நடுப்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவின் பண்ணைவீடுகளுட் பத்தில் ஒன்றிலேயே மின்விளக்கு எரிந்தது. நகரங்கள் ஒளிவெள்ளத்தில் மிதந்த அக்காலத்தில், கிராமத்துப் பெண்கள் வாளியில் நீர் சுமந்தனர்; மண்ணெண்ணெய் விளக்கின் கீழ்த் துணி தைத்தனர். விஞ்ஞானம் குறைபட்டதால் அன்று. எட்டத்திலுள்ள பண்ணைக்குக் கம்பி இழுப்பதில் இலாபமில்லை எனத் தனியார் கம்பனிகள் கணக்கிட்டன. அக்கணக்கை ஏற்க மறுத்தவர் ஜோர்ஜ் நொறிஸ்.

1861 இல் ஒகையோ மாநிலத்து விவசாயக் குடும்பமொன்றிற் பிறந்து, சிறுவயதிலே தந்தையை இழந்தவர் அவர். சட்டம் பயின்று 1885 இல் நெப்ராஸ்கா சென்றார். வறட்சி விவசாயிகளை வாட்டிய 1890களில் அங்கு நீதிபதியானார். குடியரசுக் கட்சியின் சார்பில் 1903 இற் பிரதிநிதிகள் சபைக்கும், 1913 இல் செனற் எனும் மூதவைக்கும் சென்றார். அவர் சமதர்மவாதியல்லர். ஆயினும் சபாநாயகர் கனனின் தனியாட்சியை 1910 இல் உடைத்த தீர்மானம், அதே கட்சியினரான அவர் கொணர்ந்ததே. 1917 இல் யுத்தப் பிரகடனத்தை எதிர்த்த ஆறு செனற்றர்களுள் அவரும் ஒருவர். தேசக் கொடியிலே டொலர்ச் சின்னத்தைப் பொறிக்கப் போகிறோம் என்று அன்று சபையிற் குற்றஞ்சாட்டினார். துரோகி என்ற வசை கிடைத்தது.

அவரது பெரும்போர் அலபாமாவின் மஸில் ஷோல்ஸில் நிகழ்ந்தது. யுத்தகால வெடிமருந்துத் தேவைக்காக ரெனசி நதியில் அரசாங்கம் தொடங்கிய அணையையும் ஆலைகளையும் தனியாருக்குக் கொடுத்துவிட முயற்சி நடந்தது. ஹென்றி போர்ட் 1921 இல் ஆலைகளுக்கு 50 இலட்சம் டொலர் தருவதாகவும், அணையை நூறாண்டுக் குத்தகைக்கு எடுப்பதாகவும் கூறினார். மலிவான உரம் என்ற வாக்குறுதியை நம்பி விவசாய அமைப்புகளே போர்ட்டை ஆதரித்தன! நொறிஸுக்கு அந்நதிக்கரையில் ஒரு வாக்குமில்லை. எனினும், மக்கள் பணத்தில் எழுந்தது மக்களிடமே இருக்க வேண்டும் என்று விடாது நின்றார். 1924 இற் போர்ட் விலகினார். நொறிஸின் சட்டத்தை 1928 இல் ஜனாதிபதி கூலிட்ஜ் கையொப்பமிடாது கிடப்பிற் போட்டார். 1931 இல் ஹூவர் நிராகரித்தார். 1933 இல் ரூஸ்வெல்ற் ஒப்பமிட, ரெனசிப் பள்ளத்தாக்கு அதிகாரசபை பிறந்தது. 1936 இன் கிராம மின்மயச் சட்டம் விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கடன் வழங்கியது. கம்பனிகள் கைவிட்ட பாதைகளில் அச்சங்கங்களே கம்பமும் நாட்டின.

சங்கத்திற் சேரமாட்டேன் எனத் தொழிலாளியிடம் எழுதி வாங்கும் ஒப்பந்தத்தைச் செல்லாததாக்கிய 1932ஆம் ஆண்டுச் சட்டமும் அவர் பெயரையே தாங்குகிறது.

வெற்றியின் மறுபக்கத்தையும் மறைப்பதற்கில்லை. அவர் பெயர் தாங்கிய அணைக்காக ஏறக்குறைய மூவாயிரம் குடும்பங்கள் நிலம்விட்டுப் பெயர்ந்தன. அணையருகே எழுந்த நொறிஸ் என்னும் மாதிரி நகரிற் கறுப்பின மக்களுக்குக் குடியிருக்க இடமளிக்கப்படவில்லை. பொதுச்சொத்து என்பதிற் 'பொது' யார் என்ற கேள்வி அங்கே எழுந்தது. அதற்கு அதிகாரசபை தந்த விடை வெட்கக்கேடானது.

1936 இற் கட்சியைத் துறந்து சுயேச்சையாக வென்ற நொறிஸ், 1942 இல், 81 வயதில், தோற்றார். 1944 இற் காலமானார். மின்விநியோகம் முழுவதும் பொது நிறுவனங்களிடமும் கூட்டுறவுகளிடமும் உள்ள ஒரே அமெரிக்க மாநிலமாக நெப்ராஸ்கா இன்றும் இருக்கிறது.