தோட்டம் தலமான கதை

மக்கள் விரும்பிச் செல்லும் இடங்களுள் சில மாறுவன, சில மாறாதன. பினாங்குத் தீவுக்கு எதிரே, பெருநிலத்தின் தென்பகுதியிலுள்ள பத்து காவான் இதற்குத் தக்க சான்று.

19ஆம் நூற்றாண்டில் அது கரும்புத் தோட்டம். ஒப்பந்தக் கூலிகளாக வந்த தமிழர் உழைத்த இடமேயன்றி, எவரும் கண்டுகளிக்க வந்த இடமன்று. கரும்புக்குப் பின் ரப்பரும் செம்பனையும் வளர்ந்தன. தோட்ட மக்களோ தண்ணீர்மலைத் தைப்பூசத்திற்கும், 1884இல் அமைந்த தாவரப் பூங்காவிற்கும், 1923இல் ஓடத் தொடங்கிய மலை ரயிலுக்கும் படகேறித் தீவுக்குச் சென்றனர்.

2014 மார்ச் 1ஆம் நாள், 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாம் பாலம் பத்து காவானில் வந்திறங்கியது. 2016இல் பேரங்காடியும் 2019இல் ஐக்கியா கடையும் எழுந்தன. பயணத்தின் திசை திரும்பியது; இன்று தீவினர் இங்கு வருகின்றனர்.

தண்ணீர்மலையிலும் 2012இல் புதிய கோயில் எழுந்தது. ஆயினும் காவடி செல்லும் இடம் மாறவில்லை. வாணிகத்தால் பெயர்பெற்ற இடம் வாணிகத்தோடு மாறும். நேர்த்திக்கடனால் நிலைபெற்ற இடம் எளிதில் மாறாது.

பத்து காவான் தமிழ்ப்பள்ளியின் பெயரில் ‘லாடாங்’ என்னும் மலாய்ச் சொல் இன்றும் உண்டு. தோட்டம் என்பது அதன் பொருள். கடை காண வருவோர் அறியாத வரலாறு அச்சொல்லில் அடங்கியுள்ளது. அதனை மாணவர்க்கு உணர்த்துவது தமிழாசிரியர் கடனாகும்.