ஊக்கமூட்டும் நேர்காணல்

குடி, புகை, போதைப்பொருள் போன்ற பழக்கங்களை விடலாமா வேண்டாமா என்று இரு மனமாக இருப்பவரிடம், விடுவதற்கான காரணத்தை அவர் வாயாலேயே சொல்ல வைக்கும் ஆலோசனை முறை ஊக்கமூட்டும் நேர்காணல். அறிவுரை, அதட்டல், பயமுறுத்தல் மூன்றையும் இது ஒதுக்கிவைக்கிறது. மனநலத் துறையில் தோன்றிய இம்முறை இன்று நீரிழிவு, உடல் எடை, மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுதல் எனப் பல இடங்களில் பயன்படுகிறது. மலேசியத் தமிழர்களுக்கு இதன் தேவை குடிப் பிரச்சினையில்தான் முதலில் தெரிகிறது.

அப்பிரச்சினையின் வேரை அறிய ஓர் ஊரைப் பார்ப்போம். பேராக் மாநிலத்தின் வட எல்லையில், கிரியான் ஆற்றங்கரையில் இருக்கிறது பாரிட் புந்தார். ஆற்றைத் தாண்டினால் கெடா மாநிலம். இன்று இவ்வட்டாரம் நெல்லுக்குப் பேர்போனது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே கரும்புத் தோட்டங்கள் பரந்திருந்தன. அவற்றில் உழைக்கத் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டார்கள். கரும்பு போய் ரப்பர் வந்தது, பிறகு செம்பனை வந்தது. தோட்டங்களில் கள்ளுக்கடை இருந்தது. பல இடங்களில் தோட்ட நிர்வாகமே உரிமம் வாங்கி அதை நடத்தியது. விடியுமுன் பெரட்டு என்னும் ஆளெடுப்புக்குப் போய் நாள் முழுக்க உழைத்தவனுக்கு மாலையில் போக்கிடம் அதுவாகத்தான் இருந்தது. குடியைத் தனிமனிதனின் ஒழுக்கக்கேடு என்று சுருக்கிவிட முடியாது.

சமூகம் சும்மா இருக்கவும் இல்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்ட வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கெடாவில் ஏ. எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை, கள்ளுக்கடை வாசல்களில் மறியல் செய்தது. 1947இல் பீடோங்கில் மறியலை ஒட்டி நடந்த மோதலில் ஒரு தொழிலாளி உயிரிழந்தார். அவர்களின் வீரத்தை மறக்கக் கூடாது. ஆனால் கடையை மூடும் போராட்டம் வேறு, குடிப்பவனின் மனதோடு பேசுவது வேறு. கள் குறைந்த இடத்தில் சம்சு என்னும் மலிவுச் சாராயம் புகுந்தது. மேடைப் பேச்சும் வீட்டுச் சண்டையும் அப்படியே தொடர்ந்தன.

மனதோடு பேசும் முறை வேறொரு மூலையில் உருவானது. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர், குடிநோயாளிகளிடம் பரிவோடு பேசும் ஆலோசகர்களுக்கே நல்ல பலன் கிடைக்கிறது என்பதைத் தம் ஆய்வில் கண்டிருந்தார். 1982இல் நார்வேயின் பெர்கன் நகரில் இளம் உளவியலாளர்களுக்குப் பாடம் எடுத்தார். அவர்கள் நோயாளிபோல் நடிக்க, இவர் பேசிக் காட்டுவார். அவர்கள் இடையிலேயே நிறுத்தி, “ஏன் இப்போது இந்தக் கேள்வி? ஏன் அந்தச் சொல்லை எடுத்துத் திருப்பிச் சொன்னீர்கள்?” என்று குடைவார்கள். தமக்கே தெரியாமல் தாம் பின்பற்றிவந்த விதிகளை மில்லர் அங்கேதான் கண்டுகொண்டார். 1983இல் அவை கட்டுரையாக வெளிவந்தன. 1989இல் ஆஸ்திரேலியாவில் உளவியலாளர் ஸ்டீபன் ரோல்னிக்கைச் சந்தித்தார். இருவரும் சேர்ந்து எழுதிய நூல் 1991இல் வந்தது. அதன் நான்காம் பதிப்பு 2023இல் வெளியானது. ஆலோசகர் எவ்வளவுக்கு எதிர்த்து வாதாடுகிறாரோ அவ்வளவுக்கு நோயாளி பின்னாளில் கூடுதலாகக் குடிக்கிறார் என்று மில்லர் குழுவின் 1993 ஆய்வு காட்டியது. திட்டித் திருத்தலாம் என்று நம்பும் ஒவ்வொரு குடும்பமும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கற்பனையாக ஓர் உரையாடலைப் பார்ப்போம். செம்பனைக் குலை வெட்டும் ஒருவர் கிளினிக்கில் தாதியிடம் சொல்கிறார்: “குடிக்கலைன்னா ராத்திரி தூக்கமே வராதும்மா. ஆனா பேத்தி கிட்ட வந்தா, வாடை அடிக்குதுன்னு ஓடிடுறா.” தாதி, “அப்ப விட்டுட வேண்டியதுதானே அண்ணே?” என்றால் பதில் உடனே வரும்: “நான் என்ன தெனமுமா குடிக்கிறேன்?” அவர் தம் குடிக்கு வக்கீலாகிவிடுகிறார். மாறாக, “தூக்கத்துக்கு அது வேணும்னு தோணுது. பேத்தி ஒதுங்கிப் போறதும் மனசைக் குத்துது” என்று தாதி சொன்னால், “ஆமாம்மா. அவ ஸ்கூல் விட்டு வர்ற நேரத்துலயாவது தொடாம இருக்கணும்” என்று அவரே சொல்ல வாய்ப்பு இருக்கிறது. அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவும். ஆலோசகர் அதைப் பிடித்துக்கொண்டு மேலும் கேட்பார். விடுவது எவ்வளவு முக்கியம், பத்துக்கு எத்தனை என்று கேட்பதும் வழக்கம். “நாலு” என்றால், “ஏன் ஒன்று இல்லை?” என்பதே அடுத்த கேள்வி. “ஏன் எட்டு இல்லை?” என்று கேட்டால் சாக்குகள் வரும், “ஏன் ஒன்று இல்லை?” என்று கேட்டால் காரணங்கள் வரும்.

இம்முறை பலன் தருகிறதா என்பதும் சோதிக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் 1,726 பேரிடம் நடந்த ‘மேட்ச்’ ஆய்வின் முடிவுகள் 1997இல் வெளியாயின. இம்முறையை ஒட்டிய நான்கு அமர்வுகள், மற்ற முறைகளின் பன்னிரண்டு அமர்வுகளுக்கு ஏறக்குறைய நிகரான பலனைத் தந்தன. நமக்குப் பக்கத்துச் சான்று கோவாவில் உள்ளது. சங்காத் அமைப்பு 10 ஆரம்பச் சுகாதார நிலையங்களில், அதிகமாகக் குடித்துவந்த 377 ஆண்களிடம் செய்த ஆய்வு 2017இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. பேசியவர்கள் மருத்துவர்கள் அல்லர், பயிற்சி பெற்ற உள்ளூர் மக்கள். அதிகபட்சம் நான்கே அமர்வுகள். மூன்று மாதம் கழித்து, ஆலோசனை பெற்றவர்களில் 42 விழுக்காட்டினர் குடிக்காமல் இருந்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 18 விழுக்காட்டினரே அப்படி இருந்தார்கள்.

மலேசியாவில் அரசு சுகாதார கிளினிக்குகள் புகைநிறுத்த ஆலோசனை தருகின்றன. 2015இல் ‘எம்குவிட்’ என்னும் புகைநிறுத்தச் சேவையும் தொடங்கியது. விட மனமில்லாதவரிடம் பேசுவதற்கு அங்கே கையாளப்படும் வழிமுறை இந்த நேர்காணல் முறையிலிருந்து கிளைத்ததே.

முறைக்கு எல்லையும் உண்டு. பல ஆண்டுகள் நாள்தோறும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, புத்தி தடுமாற்றம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அவருக்கு முதலில் வேண்டியது மருத்துவமனை. பேச்சு அதன் பிறகுதான்.

கோவாவில் சாதாரண மனிதர்கள் கற்றுக்கொண்டதைப் பாரிட் புந்தார், பாகான் செராய் வட்டாரத்துக் கோயில் நிர்வாகங்களும் இளைஞர் மன்றங்களும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர்களும் கற்றுக்கொள்ள முடியும். குடிப்பவர் தம் மனதைத் திறப்பது தம் மொழியில்தான். ஆகவே பயிற்சியும் தமிழில் நடக்க வேண்டும். அதற்கான முயற்சியை மாவட்டச் சுகாதார அலுவலகத்தோடு சேர்ந்து இப்போதே தொடங்குங்கள்.