ஒரு வீடு, பல உலகங்கள்: சிறு முதலீட்டு இணை உலகப் படங்களும் அவற்றின் பார்வையாளர்களும்

ஒரே மனிதருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாழ்க்கைகள் ஒரே சமயத்தில் நடப்பதாகக் கொண்டு எழுதப்படுவது இணை உலகக் கதை. ஒன்றில் அவர் ரயிலைப் பிடித்திருப்பார், இன்னொன்றில் தவறவிட்டிருப்பார். அறிவியல் புனைவின் மற்ற கிளைகளுக்கு விண்கலமும் வேற்றுக்கோளும் வேண்டும். இந்தக் கிளைக்கு ஒரு வீடும் அதில் ஒரே முகம் கொண்ட இருவரும் போதும். கையில் பணமில்லாத இயக்குநர்கள் இதைத் தேடி வந்ததற்கு அதுவே காரணம். திரையில் காட்ட முடியாததை அவர்கள் பார்வையாளரின் மனதிடம் விட்டார்கள். பார்வையாளர்களும் அந்த வேலையை விருப்பத்தோடு ஏற்றார்கள். ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது, குறிப்பெடுப்பது, கால வரைபடம் போடுவது, முடிவைப் பற்றி வழக்காடுவது என்று ஒரு ரசனைப் பழக்கமே இதனால் உருவானது. அரை நூற்றாண்டு வளர்ந்த அந்தப் பழக்கத்தை ஜேம்ஸ் வார்டு பிர்கிட் இயக்கிய 'கோஹியரன்ஸ்' (2013) படத்தைச் சுற்றித் தெளிவாகக் காணலாம்.

கருத்து பிறந்த விதம்

இணை உலகம் சினிமாவுக்கு முன்பே எழுத்தில் வந்துவிட்டது. அமெரிக்க எழுத்தாளர் மர்ரே லைன்ஸ்டர் 1934இல் எழுதிய 'சைடுவைஸ் இன் டைம்' கதையில், வரலாறு வேறு திசையில் போயிருந்தால் தோன்றியிருக்கக்கூடிய நிலப்பகுதிகள் நிகழ்கால அமெரிக்காவுக்குள் வந்து நுழைகின்றன. அர்ஜென்டினாவின் போர்ஹேஸ் 1941இல் எழுதிய ஒரு சிறுகதை, எல்லாச் சாத்தியங்களும் ஒருசேர நிகழும் ஒரு நாவலைக் கற்பனை செய்தது.

அறிவியலில் இதற்கு இடம் கிடைத்தது 1957இல். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் வீலரின் மாணவராக இருந்த ஹ்யூ எவரெட், குவாண்டம் இயற்பியலுக்குப் புதிய விளக்கம் ஒன்றை முன்வைத்தார். ஒரு துகளை அளக்கும்போது பல முடிவுகளில் ஒன்று மட்டும் மிஞ்சி மற்றவை மறைவதாகப் பலரும் கருதிவந்தார்கள். எவரெட்டின் கணிதத்தில் எந்த முடிவும் மறைவதில்லை. ஒவ்வொன்றும் தனிக் கிளையாகத் தொடர்கிறது. அப்போது பெரும்பாலோர் இதைப் பொருட்படுத்தவில்லை. எவரெட்டும் ஆய்வுலகை விட்டு அமெரிக்கப் பாதுகாப்புத் துறைப் பணிக்குப் போனார். 1970இல் பிரைஸ் டிவிட் 'ஃபிசிக்ஸ் டுடே' இதழில் எழுதிய கட்டுரையே 'பல உலகங்கள்' என்ற விளக்கத்தைப் பரவலாக்கியது. கிளைகள் ஏன் ஒன்றையொன்று உணர்வதில்லை என்ற கேள்விக்கு, ஜெர்மானிய இயற்பியலாளர் டீட்டர் ட்ஸே அதே ஆண்டில் தொடங்கிவைத்த ஆய்வு விடை தந்தது. சுற்றுச்சூழலோடு ஓயாமல் உறவாடுவதால் குவாண்டம் ஒத்திசைவு குலைகிறது. அதனால் கிளைகள் பிரிந்து நிற்கின்றன. ஒத்திசைவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே பிர்கிட்டின் படத்துக்குத் தலைப்பானது.

ரயிலும் பேருந்தும்

திரைப்படத்தில் இந்தக் கற்பனைக்கு உறுதியான வடிவம் கொடுத்தவர்களில் முதன்மையானவர் போலந்தின் கீஸ்லோவ்ஸ்கி. 1981இல் அவர் முடித்த 'பிளைண்ட் சான்ஸ்' படத்தில் ஓர் இளைஞன் நகரும் ரயிலைப் பிடிக்க ஓடுகிறான். அந்த ஓட்டத்தின் மூன்று முடிவுகள் மூன்று வாழ்க்கைகளாக விரிகின்றன. அரசியல் காரணங்களுக்காகத் தடுத்து வைக்கப்பட்ட படம் 1987இல்தான் திரைக்கு வந்தது. 1998இல் ஜெர்மனியின் 'ரன் லோலா ரன்' மூன்று ஓட்டங்களையும், லண்டன் சுரங்க ரயிலின் கதவை மையமாகக் கொண்ட 'ஸ்லைடிங் டோர்ஸ்' இரண்டு வாழ்க்கைகளையும் காட்டின. தமிழில் ஒளிப்பதிவாளர் ஜீவா இயக்குநராக அறிமுகமான '12பி' (2001), சென்னை மாநகரப் பேருந்து ஒன்றைப் பிடித்தவனையும் தவறவிட்டவனையும் பின்தொடர்ந்தது.

இந்தப் படங்கள் பார்வையாளரைக் குழப்ப விரும்பவில்லை. 'ஸ்லைடிங் டோர்ஸ்' நாயகியின் ஒரு வாழ்க்கையில் அவள் முடியை வெட்டிக்கொள்வதே போதிய அடையாளம். இரண்டு பாதைகளும் தனித்தனியே ஓடுகின்றன. எது எது என்று எவருக்கும் ஐயம் எழுவதில்லை. அந்த ஐயத்தையே படத்தின் உயிராக்கும் துணிவு வேறோர் இடத்திலிருந்து வந்தது.

நள்ளிரவுக் காட்சியிலிருந்து டிவிடிக்கு

1970 டிசம்பரில் நியூயார்க்கின் எல்ஜின் திரையரங்கு, ஹொடொரோவ்ஸ்கியின் 'எல் டோப்போ' படத்தை நள்ளிரவில் திரையிடத் தொடங்கியது. பெரிய விளம்பரம் இல்லை. வாய்வழிச் செய்தியிலேயே காட்சிகள் பல மாதங்கள் நடந்தன. முதல் வாரத்தில் விளங்காத படத்துக்கும் பொறுமையான ரசிகர் கூட்டம் உண்டு என்பது அப்போது தெரியவந்தது. சிறு முதலீட்டில் அறிவியல் புனைவு சாத்தியம் என்பதற்கும் அதே பத்தாண்டில் சான்று கிடைத்தது. ஜான் கார்பென்டர் மாணவராக இருந்தபோது தொடங்கிய 'டார்க் ஸ்டார்' (1974) சுமார் 60,000 டாலரில் முடிந்தது. அதில் வேற்றுக்கோள் உயிராக நடித்தது கடற்கரையில் விளையாடும் காற்றடைத்த பந்து.

இந்த இரண்டு ஓடைகளும் 'டோனி டார்க்கோ'வில் கலந்தன. ரிச்சர்ட் கெல்லி சுமார் 45 லட்சம் டாலரில் எடுத்த இந்தப் படம், மூல உலகிலிருந்து கிளைத்து விரைவில் அழியப்போகும் ஓர் உலகைப் பற்றியது. விமான இயந்திரம் ஒன்று வீட்டின் மேல் விழுவது அதன் முக்கிய நிகழ்வு. 2001 செப்டம்பர் 11 தாக்குதல் நடந்து சில வாரங்களிலேயே திரைக்கு வந்த படம் அமெரிக்கத் திரையரங்குகளில் சுமார் 5 லட்சம் டாலர் மட்டுமே ஈட்டியது. ஆனால் நியூயார்க்கின் பயனியர் திரையரங்கில் அதன் நள்ளிரவுக் காட்சிகள் 28 மாதங்கள் ஓடின. பிரிட்டனில் அதன் இறுதிப் பாடல் 2003 கிறிஸ்துமஸ் வாரத்தில் இசைப் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தது. டிவிடி வந்த பிறகு பார்வையாளர்கள் காட்சிகளை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். இணைப்பாகத் தரப்பட்ட கற்பனை நூலின் பக்கங்களைப் படித்து, கிளை உலகின் விதிகளைத் தொகுத்தார்கள்.

2004இல் கெல்லி அந்தப் பக்கங்களைப் படத்துக்குள்ளேயே சேர்த்து இயக்குநர் பதிப்பு வெளியிட்டபோது ரசிகர்கள் இரண்டு பட்டார்கள். கதை இப்போதுதான் விளங்கியது என்றார்கள் சிலர். புதிர் போய்விட்டது, முந்தைய வடிவமே மேல் என்றார்கள் வேறு பலர். தாமே தேடிக் கண்டதைப் படமே எடுத்துச் சொல்லிவிட்டதில் அவர்களுக்கு ஏமாற்றம். பார்வையாளரின் பங்கு எவ்வளவு ஆழமாகப் போயிருந்தது என்பதை இந்தப் பிளவு காட்டுகிறது.

அதே 2004இல் மென்பொருள் பொறியாளராக இருந்த ஷேன் கர்ரூத், டாலஸ் நகரில் சுமார் 7,000 டாலரில் எடுத்த 'பிரைமர்' சன்டான்ஸ் விழாவின் நடுவர் குழுப் பெரும் பரிசை வென்றது. வாகனக் கொட்டகையில் இரண்டு நண்பர்கள் செய்யும் பெட்டி ஒன்று காலத்தில் பின்னோக்கிப் போகிறது; அதில் புகுந்து வந்தவரும் புகாதவரும் ஒரே ஊரில் ஒரே நேரத்தில் நடமாடுகிறார்கள். பாத்திரங்கள் பொறியாளர்களைப் போலவே பேசிக்கொள்கின்றன. பார்வையாளருக்காக எதுவும் விளக்கப்படுவதில்லை. 77 நிமிடப் படத்துக்கு ரசிகர்கள் வரைந்த கால வரைபடங்கள் பக்கம் பக்கமாக நீண்டன. திரைக்கதைகளைக் கோடுகளாக வரைந்து காட்டிய ஓவியர் ரான்டல் மன்ரோ, 2009இல் 'பிரைமரு'க்கு அவிழ்க்க முடியாத சிக்கலையே வரைந்து வைத்தார்.

ஐந்து இரவுகள்

ஜேம்ஸ் வார்டு பிர்கிட் பெரிய படங்களில் பழகியவர். 'பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்' படங்களுக்குக் காட்சிப்பலகை வரைந்தார். 'ராங்கோ' அனிமேஷன் படத்தின் கதையில் பங்கேற்றார். தம் சொந்தப் படத்துக்கு அந்த வசதிகள் எதையும் அவர் நாடவில்லை. கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகாவில் இருந்த தம் வீட்டையே களமாக்கினார். படப்பிடிப்பு ஐந்து இரவுகளில் முடிந்தது. செலவு சுமார் 50,000 டாலர்.

எழுதப்பட்ட வசனம் கிடையாது. பிர்கிட்டும் நடிகர் அலெக்ஸ் மனுகியனும் கதையின் திருப்பங்களை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்திருந்தார்கள். நடிகர்களுக்கு அன்றன்றைக்குத் தத்தம் பாத்திரம் பற்றிய குறிப்புச் சீட்டு மட்டும் தரப்பட்டது. மற்றவர்கள் சீட்டில் என்ன இருக்கிறது, அடுத்து என்ன நடக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாது. கதவு தட்டப்படும்போது அவர்கள் முகத்தில் தெரியும் திடுக்கிடலில் உண்மையும் கலந்திருக்கிறது.

எட்டு நண்பர்கள் இரவு விருந்துக்குக் கூடுகிறார்கள். வானில் ஒரு வால்நட்சத்திரம் கடக்கிறது. மின்சாரம் போகிறது. தெருவில் தள்ளி ஒரே ஒரு வீட்டில் வெளிச்சம் தெரிய, பார்க்கப் போனவர்கள் அதுவும் தங்கள் வீடே என்று கண்டு திரும்புகிறார்கள். கையில் ஒரு பெட்டி. உள்ளே அவர்களுடைய புகைப்படங்கள், பின்புறம் எண்கள். இந்தக் குழு எடுத்த ஒளிக்குச்சிகள் நீலம். எதிரே வந்தவர்கள் கையில் இருந்தவை சிவப்பு. இருட்டைக் கடக்கும் எவரும் தாம் புறப்பட்ட வீட்டுக்கே திரும்பியதாகச் சொல்ல முடியாது என்பது மெல்லத் தெளிவாகிறது. வால்நட்சத்திரம் கடக்கும்வரை கிளைகளின் பிரிவு குலையாமல் நிற்காது என்று படம் வைத்துக்கொள்கிறது. இயற்பியல் அப்படிச் சொல்வதில்லை. இது கதைக்காக எடுத்துக்கொண்ட உரிமை.

பார்த்தவர்கள் கண்டவை

2013 செப்டம்பரில் டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டினில் நடந்த ஃபென்டாஸ்டிக் ஃபெஸ்ட் விழாவில் படம் முதலில் திரையிடப்பட்டு, திரைக்கதைக்கான விருதையும் பெற்றது. 2014 ஜூனில் அமெரிக்காவில் வெளியானது. திரையரங்கை விட வீட்டுத் திரையிலேயே அது ரசிகர்களைச் சேர்த்தது. அதற்குப் படத்தின் இயல்பே காரணம். ஒருமுறை பார்த்தவர் உடனே முதலிலிருந்து பார்க்க விரும்பும்படி அது அமைந்திருக்கிறது.

இரண்டாவது முறை பார்ப்பவரின் கண் பொருள்கள் மேல் போகிறது: ஒளிக்குச்சியின் நிறம், நெற்றிக் காயத்தின் கட்டு, புகைப்படத்தின் எண், பெட்டியில் அடையாளமாக வைக்கப்பட்ட பொருள், விரிசல் விழுந்த கைப்பேசி. யார் எந்தக் கணத்தில் எந்த வீட்டைச் சேர்ந்தவர் என்று ரசிகர்கள் பட்டியலிட்டார்கள். காட்சிகளுக்கு நடுவே திரை சட்டென்று இருளும் இடங்களில் பார்வையாளரும் வேறு வீட்டுக்கு மாற்றப்படுகிறாரா என்பது நெடுநாள் விவாதம். எல்லாம் ஓய்ந்த காலையில் ஒலிக்கும் தொலைபேசி அழைப்புக்கு என்ன பொருள் என்பது இன்னொன்று.

புதிரை விடக் கதைநாயகி எம்மின் மனநிலையைப் பெரிதாக எண்ணியவர்களும் உண்டு. எம் தயங்கித் தயங்கி நல்ல நடன வாய்ப்பை இழந்தவள். காதலனின் அழைப்புக்கும் உடனே பதில் சொல்ல முடியாதவள். வீடு வீடாக எட்டிப் பார்த்து, தான் வாழ்ந்திருக்க வேண்டிய வாழ்க்கையை ஒரு சன்னல் வழியே காண்கிறாள். அதை அடைய அவள் செய்யும் செயல் பலரை உலுக்கியது. இன்னொரு வாழ்க்கையை விரும்பும் மனம் அங்கே ஏற்கெனவே வாழ்பவளை என்ன செய்யும் என்ற கேள்வி, எந்த வரைபடத்தையும் விட அவர்களை நீண்ட நாள் தொடர்ந்தது.

குறை சொன்னவர்களின் வாதங்களும் ஆதாரமற்றவை அல்ல. கையில் பிடித்த கேமரா ஆடுகிறது. குவியம் அடிக்கடி நழுவுகிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். இயற்பியல் விளக்கம் ஒரு புத்தகத்தின் வழியே தயாராக வந்துசேர்கிறது. இவற்றில் பலவும் பணமும் நேரமும் குறைவாக இருந்ததன் தழும்புகள். ஆனால் தனிப்பட்ட விருந்துக்குள் நுழைந்துவிட்ட உணர்வையும் அதே ஆட்டமும் அதே இரைச்சலுமே தந்தன.

பின்னர்

2022இல் வெளியான 'எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்' இந்த மரபைப் பெரிய அரங்குக்குக் கொண்டுபோனது. அடுத்த ஆண்டு சிறந்த படம் உட்பட ஏழு ஆஸ்கர் விருதுகளை வென்றது. அதன் காட்சி விளைவுகளில் பெரும்பகுதியைச் செய்தது ஐந்து பேர் கொண்ட சிறு குழு. அப்போது திரையரங்குகளுக்கு வந்த கூட்டத்துக்குக் கிளைக்கும் உலகங்கள் புதிதாக இல்லை. நள்ளிரவுக் காட்சிகளிலும் டிவிடி தட்டுகளிலும், ஐந்து இரவுகளில் எடுத்த ஒரு விருந்தின் புதிரிலும் ஒரு தலைமுறை அவற்றைப் படிக்கப் பழகியிருந்தது.