மேல்மண் நூற்பா: விளக்கவுரை

குரோமியம் அகழக் குவித்த மேல்மண்
இரும்பிடைக் கரந்த நிக்கலைப் பூஞ்சை
தன்புளிப் பால்நெகிழ்த்து நீரிடைச் சேர்க்கும்.

இந்நூற்பா, சுரங்கக் கழிவினின்று உலோகம் மீட்கும் நெறியை உணர்த்துகின்றது.

'குரோமியம் அகழக் குவித்த மேல்மண்' என்பது, குரோமியத்தின் தாதுவாகிய குரோமைட்டை எட்டும்பொருட்டுப் பெயர்த்து ஒதுக்கிய மண். ஒடிசா மாநிலத்து ஜாஜ்பூர் மாவட்டச் சுகிந்தாப் பள்ளத்தாக்கில் இது மேடுமேடாகக் கிடக்கின்றது. நம் நாட்டுக் குரோமைட்டு இருப்பில் 95 விழுக்காட்டுக்கு மேல் ஆண்டே உள்ளமையின், ஈண்டுச் சுட்டியது அவ்விடம் என்க. 'குவித்த' என்றதனால், மீண்டும் தோண்டும் செலவு இன்று என்பதும், மழைநீர் அக்குவியலூடே வடிந்து நீர்நிலையைக் கெடுக்கும் என்பதும் பெறப்படும்.

'இரும்பிடைக் கரந்த' என்றது, நிக்கல் தனித் துகளாய் நில்லாது, கோதைட்டு என்னும் இரும்புக் கனிமத்தின் அணுக்கட்டமைப்பினுள்ளே உறைதலை. அதுவும் நூற்றில் ஒரு பங்கினும் குறைவு. 'கலந்த' என்னாது 'கரந்த' என்றார், சலித்தும் கழுவியும் பிரித்தல் இயலாமையின். மண்ணை முன்னர் வறுத்தால் கோதைட்டு நீரிழந்து ஹேமடைட்டாகும்; நுண்துளை தோன்றி அமிலம் உட்புக வழியாகும். ஆதலின் 'வறுத்து' என ஒருசொல் வருவித்து உரைப்பினும் அமையும்.

'பூஞ்சை' என்றது ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் முதலாயினவற்றை. பழைய வெங்காயத்தின் தோலை உரிக்குங்கால் விரலில் கரிப்பொடிபோல் ஒட்டுவது இவ்வினமே. புவனேசுவரத்துக் கனிமம் மற்றும் பொருள் தொழில்நுட்ப நிறுவனத்தார் சுகிந்தா மண்ணின்மேல் இவ்வினங்களைச் செலுத்தி ஆய்ந்துள்ளனர். அற்றேல், செம்புச் சுரங்கங்களில் வழங்கும் பாக்டீரியாவைக் கூறாது விட்டது என்னையெனின், அவை கந்தகத்தையோ கரையும் இரும்பையோ உண்டு அமிலம் ஆக்குவன. ஆக்சைடு மண்ணாகிய இதனுள் அவ்வுணவு அரிது என்க.

'தன்புளிப்பால்' என்பதில் ஆல் கருவிப்பொருளில் வந்தது. புளிப்பாவது சிட்ரிக், ஆக்சாலிக் முதலிய அமிலம். இதற்கு எளிய சான்று உளது: புளியங்குடி எலுமிச்சையின் புளிப்பும் சிட்ரிக் அமிலமே. 1784இல் வேதியியலார் ஷீலே அதனை எலுமிச்சைச் சாற்றினின்று பிரித்தெடுத்தார். 1917இல் ஆய்வாளர் ஜேம்ஸ் கரி, சர்க்கரைக் கரைசலில் வளர்ந்த இப்பூஞ்சை அதனை மிகுதியாகச் சுரத்தலை வெளியிட்டார். இன்று கடையில் விற்கும் சிட்ரிக் அமிலத்தில் பெரும்பகுதி பூஞ்சை தந்ததே. 'தன்' என்ற அடை சிறப்புடைத்து. புறத்தே வாங்கி ஊற்றும் அமிலம் அன்று என விலக்கிற்று. ஆயினும் பூஞ்சைக்குச் சர்க்கரை இட வேண்டும். அச்செலவே இந்நெறி பெருந்தொழிலாய்ப் பரவாமைக்கு ஒரு காரணம். உலோகம் மிகின் பூஞ்சை நலியுமாதலின், அதனைத் தனியே வளர்த்து, வடித்த சாற்றை மாத்திரம் மண்ணிற் பெய்தலும் உண்டு.

'நெகிழ்த்து' என்பது கனிமத்தின் கட்டைத் தளர்த்தி. 'நீரிடைச் சேர்க்கும்' என்றது கூர்ந்து நோக்கற்பாலது. ஆக்சாலிக் அமிலம் இரும்பைக் கரைப்பினும், நிக்கலொடு கூடின் கரையாப் பொருளாய் அடியிற் படியும். சிட்ரிக் அமிலமோ நிக்கலைப் பற்றி நீரிலேயே நிறுத்தும். எனவே ஈண்டுத் தலைமை சிட்ரிக்கிற்கே என்பது குறிப்பு.

'மீட்கும்' என்னாது 'சேர்க்கும்' என நிறுத்தினார், பூஞ்சையின் தொழில் அவ்வளவே ஆதலின். அந்நீரினின்று இரும்பை விலக்கி நிக்கலைப் பிரித்தல் வேதியியலார் தொழிலாம்.