திரும்பி வராத யாத்திரை

ஓசூர், மத்திகிரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் சிலர் குழுவாக எருசலேம் போய்வருகிறார்கள். 2011இல் தமிழக அரசு மானியம் அறிவித்ததிலிருந்து இந்தப் பயணத்தைப் பற்றிய பேச்சும் கூடிவிட்டது. பாஸ்போர்ட், ஊசி, கம்பளி, ஊறுகாய் என்று வீடே அமர்க்களப்படும். எங்கள் தெரு அக்கா ஒருவர், "பத்து நாள்தானே தம்பி, வந்துடுவோம்" என்று சாவியை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார். இதே ஊருக்குப் புறப்பட்டு, சாவியைத் திரும்ப வாங்கவே வராமல் போன ஒரு கூட்டம் நமக்கு ஒருநாள் பயணத் தொலைவில் இருந்தது. ஓசூரிலிருந்து சேலம், கோவை வழியாகக் கொச்சிக்குப் போகும் லாரிகள் தாண்டிச்செல்லும் பகுதிதான்: மாளை, பறவூர், சேந்தமங்கலம், எர்ணாகுளம். கொச்சி யூதர்களைச் சொல்கிறேன்.

அவர்கள் வந்த கதையைவிடப் போன கதைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வந்ததற்குச் செப்பேடு இருக்கிறது. கி.பி. 1000ஐ ஒட்டி, சேர மன்னன் பாஸ்கர ரவி, ஈசுப்பு இரப்பான் என்பவருக்கு அஞ்சுவண்ணத்தையும் 72 உரிமைகளையும் கொடுத்தான். பகல்விளக்கு, பாவாடை, பல்லக்கு, குடை, தோரணம் என்று பட்டியல் நீள்கிறது. எழுத்து வட்டெழுத்து. மொழியைத் தமிழறிந்தவர் தடவித் தடவிப் படித்துவிடலாம். உலகும் நிலவும் உள்ளவரை சந்ததிக்குச் செல்லும் என்பதே அதன் தோரணை. சேந்தமங்கலத்தில் சாரா என்ற பெண்ணின் 1269ஆம் ஆண்டுக் கல்லறைக் கல்லும் இருக்கிறது. ஆக, வந்தேறிகள் என்று ஒதுக்கக் கூடிய ஆட்கள் அல்ல.

1948இல் இஸ்ரேல் உருவானதும் ஜெபத்தில் மட்டும் இருந்த ஊர் டிக்கெட் வாங்கக் கூடிய ஊராகிவிட்டது. துரத்தப்பட்டுப் போனவர்கள் இல்லை இவர்கள். இங்கே யாரும் கல்லெறியவில்லை. புலம்பெயர்தல் என்பதைவிட நேர்த்திக்கடன் போலத்தான் கிளம்பினார்கள். தனியாள் தனியாளாக அல்ல, சபை சபையாக. சொத்தை விற்றார்கள், தோராச் சுருள்களைப் பொதிந்தார்கள். பெண்கள் மலையாளப் பாட்டு நோட்டுகளை எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் அழைத்த ஊர் உடனே கதவைத் திறக்கவில்லை. காரணம் யானைக்கால். கொச்சிக் கரையில் அன்று சாதாரணமாக இருந்த அந்த நோய் தங்கள் நாட்டில் பரவிவிடுமோ என்று இஸ்ரேலிய சுகாதார அதிகாரிகள் பயந்தார்கள். விற்க வேண்டியதை விற்றுவிட்டு, போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் நின்ற குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். 1953இல் ஏ.பி. சேலம் இவர்களுக்காகப் பேச இஸ்ரேல் போனார். மட்டாஞ்சேரி பரதேசி ஜெபாலயத்தில் தன் மக்களைத் தரையில் உட்காரவைத்த பாகுபாட்டுக்கு எதிராகச் சத்தியாகிரகம் செய்த வக்கீல் அவர். மற்றவர்களை அனுப்பிவைக்கப் பாடுபட்டவர், தான் மட்டும் கொச்சியிலேயே இருந்து 1967இல் இறந்தார். அது ஏன் என்பதற்குத் தனிக் கட்டுரை வேண்டும்.

1953 முதல் 1955 வரை பெரும்பாலோர் போய்ச் சேர்ந்தார்கள். மொத்தம் ஏறக்குறைய 2,400 பேர் இருந்த சமூகம். எருசலேமுக்கென்று கிளம்பியவர்களில் பலர் இறங்கியது எருசலேமில் அல்ல. நெவாதீம், மெசிலாத் சியோன், தாவோஸ் போன்ற குடியேற்றக் கிராமங்களில், மழையும் காயலும் மட்டுமே அறிந்தவர்கள் கல் பொறுக்கி நிலம் திருத்தினார்கள். யானைக்கால் பயம் அங்கேயும் விடவில்லை. ஒதுக்குப்புறத்தில் குடிவைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இங்கே விட்டுப்போனவை என்ன ஆயின? மட்டாஞ்சேரி கடவும்பாகம் ஜெபாலயத்தின் மரவேலை உட்புறம் கழற்றப்பட்டு, இன்று எருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. மாளைக்காரர்கள் வேறு வழி தேர்ந்தார்கள். 1955இல் கிளம்பும்போது ஜெபாலயத்தையும் இடுகாட்டையும் ஊர்ப் பஞ்சாயத்திடம் எழுதிக்கொடுத்தார்கள். ஜெபாலயத்தை வேறு வழிபாட்டுத்தலமாகவோ இறைச்சிக் கூடமாகவோ ஆக்கக் கூடாது, கல்லறைகளைப் பேண வேண்டும் என்பவை நிபந்தனைகள். காசு கேட்டதாகத் தெரியவில்லை, வாக்கைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

பிற்காலத்தில் அந்த இடுகாட்டு நிலத்தின் ஒரு பகுதியில் விளையாட்டு மைதானம் கட்ட வேலை தொடங்கியது. ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு எதிர்த்தவர்கள், யூதர் ஒருவர்கூட மிச்சமில்லாத மாளையின் உள்ளூர்க்காரர்கள்.